கப்பலிடம் டிக்கெட் கேட்டவன்

கடலோரக் காவல் கப்பலில் வயர்லெஸ் பார்ப்பவனுக்குச் சம்பளமே, முன்பின் தெரியாதவர்களிடம் "நீ யார், எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்பதற்குத்தான். அப்படிக் கேட்டே பழகியவனை ஒருவர் திருப்பிக் கேட்டால் என்ன பாடு படுவான் என்பதை, என்னைப் போலவே லீவு சாங்ஷன் ஆகியும் ஊர் போய்ச் சேராத உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பாஸ் செல்லாது

நான் தென்னூர்க்காரன். கடலைப் பார்க்கவே பஸ் பிடிக்க வேண்டிய ஊரிலிருந்து கடலைக் காக்கப் போனவன். எனக்குப் பார்த்த பெண் உறையூர் சுகன்யா. பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அவள் அப்பா டவுன் பஸ்களில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் இருந்த காபி ஆறும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீரங்கத்தில் மண்டபம் பிடித்து, வியாழக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவானது. "லீவு கிடைக்கலைன்னா பெரியவங்களே தட்டு மாத்திக்கலாமே" என்று என் அம்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தாள். சுகன்யாவின் அப்பா தலையை ஆட்டி மறுத்தார். "மாப்பிள்ளை நேர்ல வந்து நின்னாதாங்க தட்டு மாத்துவேன். பாஸ் காட்டி ஏறுற வேலையெல்லாம் நம்மகிட்ட வேணாம்."

மரியாதையான கப்பல்

திங்கட்கிழமை காலை பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு எல்லோருடைய லீவும் ரத்தானது. போன்களை வாங்கிப் பூட்டினார்கள், வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் விடவில்லை, கப்பல் கிளம்பிவிட்டது.

நம் கடல் எல்லைக்குள் வெளிநாட்டு வெள்ளைக் கப்பல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. உச்சியில் பெரிய பெரிய வெள்ளை உருண்டைகள். பின்பக்கத்திலிருந்து கடலுக்குள் ஒரு நீளமான கம்பி இறங்கியிருந்தது. உளவுக் கப்பலாக இருக்கும் என்று மேலிடத்துக்குச் சந்தேகம். நான் மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் கேட்டேன். எங்கிருந்து வருகிறீர்கள்? எங்கே போகிறீர்கள்? இங்கே ஏன் நிற்கிறீர்கள்? நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. வணக்கம் ஐயா, எஞ்சினில் சின்னக் கோளாறு. அந்தக் கம்பி எதற்கு? கழுவுகிறோம் ஐயா. கடலுக்குள் விட்டா? ஆமாம் ஐயா, நன்றி.

மூன்று நாள் கேட்டேன். மூன்று நாளும் அதே குரல், அதே பதில், ஒரு எழுத்து பிசகவில்லை. எங்கள் கேப்டன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டான். ஆனா என்னதான்யா சொன்னான்?"

முகூர்த்த நேரத்தில்

வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்தில் இரண்டு வீட்டாரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு காத்திருந்த அதே நேரத்தில், கேப்டன் எங்கள் கப்பலை அந்த வெள்ளைக் கப்பலுக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். அது நேராக எங்களைப் பார்த்து வந்தது. "திரும்புங்கள், திரும்புங்கள்" என்று மைக்கில் கத்தினேன். "இந்த நாள் இனிய நாளாகட்டும், ஐயா" என்றது அந்தக் குரல். இப்போது செத்தால் சுகன்யா எனக்கு என்ன உறவு என்று அந்த நேரத்தில் போய் யோசித்தேன். இன்னும் தட்டே மாற்றவில்லையே!

எதிர்க் கப்பலில் நிற்பவர்களின் முகம் தெரிகிற தூரத்தில் அது ஒதுங்கியது. கம்பியை மேலே இழுத்தார்கள். நுனியில் ஆள் உயரத்துக்கு மஞ்சளாக ஏதோ ஒன்று வந்தது. அது என்ன என்று கேட்டேன். குப்பை ஐயா, கடலைச் சுத்தம் செய்கிறோம் என்றார்கள். எல்லை தாண்டும்வரை இரண்டு நாள் அதன் பின்னாலேயே போனோம். எனக்கு டீ கொண்டுவந்த சமையல்கார அந்தோணி அண்ணனுக்கும் ஒன்றும் புரியவில்லை. "நம்ம கடல்ல குப்பை அள்ள அவ்வளவு தூரத்துலேருந்தா வர்றான்? ஒருவேளை நல்லவனோ, தம்பி?"

உறையூர் செக்கிங்

ஞாயிற்றுக்கிழமை கரை சேர்ந்ததும் போனும் லீவும் கைக்கு வந்தன. சுகன்யா ஒரே ஒரு செய்திதான் அனுப்பியிருந்தாள்: "மண்டபத்துல பந்தி முடிஞ்சிருச்சு. எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க." அதைத்தான் சொல்லக் கூடாது. நேராக உறையூருக்கே பஸ் ஏறினேன். வழியெல்லாம் பதிலை ஒத்திகை பார்த்தேன். மூன்று நாள் காது குளிரக் கேட்ட பதில்கள் இருக்கும்போது எனக்கென்ன கவலை?

"ஏன் வரல?" என்றார் அவள் அப்பா. வணக்கம் மாமா, எஞ்சின்ல சின்னக் கோளாறு என்றேன். "போன்?" சிக்னல் இல்லைங்க மாமா, நன்றி என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. "டிக்கெட் இல்லாதவன்தாங்க கேக்கறதுக்கு முன்னாடியே பதில் வெச்சிருப்பான். எடுத்தவன் பாக்கெட் பாக்கெட்டா தேடுவான்" என்றார். கதவோரம் நின்றிருந்த சுகன்யா உள்ளே போனாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இல்லைங்க மாமா... எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு... அதாவது எங்க எஞ்சின்... அத சொல்லக் கூடாதுங்க. சொல்லலாம்னாலும் அது என்னன்னு எனக்கே தெரியலைங்க. அங்க நின்னப்ப சுகன்யாவைத்தான்..." கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடினேன், எந்தப் பாக்கெட்டிலும் இல்லை. அவர் உள்பக்கம் திரும்பினார். "சுகன்யா, காபி கொண்டாம்மா. இவருகிட்ட டிக்கெட் இருக்கு."

அந்த வெள்ளைக் கப்பல் எதற்கு வந்தது என்று எங்களில் யாருக்கும் இன்றுவரை விளங்கவில்லை. என் மாமனாரை வயர்லெஸ் முன்னால் உட்கார வைத்திருந்தால் திங்கட்கிழமையே விசிலடித்து இறக்கிவிட்டிருப்பார்.