நாற்பதாம் பக்கத்துக் கரடு

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு பழைய நாவலின் கடைசிப் பக்கத்தை ஒப்பிட்டது. அம்மா நிறுத்தக்குறிகளோடு வாய்விட்டுப் படித்தாள். மகள் கணினித் திரையில் சரிபார்த்தாள்.

"வந்தான் கமா உட்கார்ந்தான் கமா பேசவில்லை புள்ளி."

முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள். திட்டும்போதும் புள்ளி வைத்துத்தான் நிறுத்துவாள்.

ஓய்வுக்குப் பிறகு, காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக ஏற்றிவந்தாள். படத்தை எழுத்தாக்கும் நிரல் மகளுடையது. அதற்குத் துணைக்காலும் ரகரமும் ஒன்றுதான். இந்த நாவலின் நாற்பதாம் பக்கத்தில் 'காடு' என்பதைக் 'கரடு' ஆக்கிவிட்டது. கரடும் ஒரு சொல்தானே. அம்மாவின் கண்ணிலேயே மண்ணைத் தூவியது.

மறுவருடம் ஒரு பதிப்பாளர் அதே நாவலை அச்சிட்டார். கையோடு, அம்மா ஏற்றியது திருட்டுப் பிரதி என்று இணையதளத்தில் புகாரும் கொடுத்தார். தளம் நாவலை முடக்கியது. அம்மா அவருக்கு போன் போட்டாள்.

"திருட்டு காப்பி போட்டுட்டு எனக்கே போன் பண்றீங்களாம்மா?"

"உங்க புக்ல நாப்பதாம் பக்கம் எடுங்க தம்பி. கரடுன்னு இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"மூலத்துல காடு. கரடு நான் கோட்டை விட்டது. என் பிழைக்குப் போய் உரிமை கொண்டாடுறீங்களே."

மறுமுனையில் இருமல். "எழுதினவங்க செத்து அறுபது வருஷம் ஆனாத்தான் காப்புரிமை முடியும். இன்னும் ஆகல. ஆச்சுன்னா நிரூபிங்க."

"நிரூபிக்கிறேன். நீங்க முதல்ல வெந்நீர் குடிங்க."

கரட்டைக் காடாக்கி, நாவல் முழுவதையும் இருவரும் மறுபடி படித்தார்கள். முடித்த மறுநாள் காலை அம்மா எழுந்திருக்கவில்லை.

நாவலாசிரியையின் இறப்புச் சான்றுக்கு விண்ணப்பித்த ரசீது அம்மாவின் கைப்பையில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சான்றைக் காட்டாவிட்டால் நாவல் நிரந்தரமாக நீக்கப்படும் என்று தளம் கெடு வைத்திருந்தது. வியாழக்கிழமை மகள் பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். "உறவுங்கற இடத்துல 'வாசகி'ன்னு எழுதியிருக்காங்க. செல்லாது. விண்ணப்பிச்சவங்களை வரச் சொல்லுங்க."

"வரமாட்டாங்க. அவங்க எங்கம்மா. இறந்துட்டாங்க."

எழுத்தர் கொஞ்சம் தணிந்தார். "அப்போ எழுத்தாளருக்கு ரத்த சொந்தம் யாராவது..."

"சொந்தக்காரங்கதான் வாங்கணும்னு எந்த விதியில இருக்கு? நம்பரோட எழுதிக் குடுங்க."

"நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்குத்தான் கெடு. பரவால்ல, அந்த விதியை மெதுவா தேடுங்க. நான் இங்கயே இருக்கேன்."

மகள் எழுத்தரின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சான்று இன்னும் உள்ளேதான் இருந்தது.