நல்ல தண்ணி

அந்தப் பவளத்தீவில் எல்லாரும் அவரை 'நாக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். வாயாடி என்பதால் அல்ல. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஊர்க் கிணற்றை விடியற்காலையில் ருசி பார்ப்பது அவர் வேலை. ஒரு கை அள்ளி, வாயில் சுழற்றி விழுங்கி, "நல்ல தண்ணி" என்பார். அப்புறம்தான் பெண்கள் வாளியை இறக்குவார்கள்.

தென்னை நட ஆள் வேண்டுமென்று ஒரு முதலாளி எட்டுக் குடும்பங்களைப் படகில் கொண்டுவந்து இறக்கியபோது அங்கே மண்கூடக் கிடையாது. செத்த பவளம் நொறுங்கிய வெள்ளை மணல்தான். ஆறில்லை, குன்றில்லை. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் கடல்நீரின் மேல் பாலாடைபோல மிதந்து நிற்கும். ஆளுயரம் தோண்டினால் அமிர்தம். பேராசைப்பட்டு இன்னும் இரண்டு முழம் தோண்டினால் கடல். இதை நக்கி நக்கியே கண்டுபிடித்தவர் நாக்கின் அப்பா. முதலாளி போய்ச் சேர்ந்தார், கொப்பரை வியாபாரமும் படுத்தது, சனங்கள் மட்டும் தங்கிவிட்டார்கள். போக்கிடம் இருந்தால் அல்லவா போவதற்கு?

பிறகு அலை மேற்குக் கரையைத் தின்ன ஆரம்பித்தது. மூன்று கிணறுகளில் இரண்டு உப்பாகிவிட்டன. மிச்சமுள்ளதும் கரித்தால் தீவையே காலி செய்ய வேண்டும் என்று அரசாங்கக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்பது மணி நேரப் படகுத் தூரத்திலிருந்த துறைமுக ஊரில் அவர் மகன் பெண் எடுத்தான். வந்த அன்றைக்கே மருமகள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.

"மாமா, தண்ணி கரிக்குதே."

கிணற்றடி குலுங்கிச் சிரித்தது. "ஐயோ, மகாராணிக்கு இளநியில கால் கழுவி விடுங்கடி!" என்றாள் ஒருத்தி.

"நாப்பது வருஷ நாக்கும்மா இது. பொய் சொல்லாது," என்றார் அவர்.

ஒரு மாதம் சொல்லிப் பார்த்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் ஊரிடம் எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? விட்டுவிட்டாள். பிள்ளை உண்டானாள். ஏழாம் மாதம் கால் வீங்கியது, தலைவலி மண்டையைப் பிளந்தது.

"கடல் காத்து உனக்கு ஒத்துக்கல. தண்ணி நெறைய குடிம்மா," என்றார். பாவி மனுஷன், பாசத்தில் தினமும் ஒரு குடம் கூடுதலாக அவரே தூக்கிவந்து வைத்தார். மாமன் சொல்லைத் தட்டக்கூடாதென்று அவளும் குடித்தாள்.

ஒரு காலையில் வலிப்பு வந்தது. படகில் ஒன்பது மணி நேரமும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மகன் அழுதான். ஆஸ்பத்திரி நர்ஸ், அவர்கள் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

"புள்ளத்தாச்சிக்கு இதையா குடுத்தீங்க? ரத்தக் கொதிப்பு ஏறாம என்ன செய்யும்?"

கூட வந்திருந்த நாக்குக்கு வார்டுப் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்தாள். குடித்துப் பார்த்தார்.

"சப்புன்னு இருக்கே."

"நல்ல தண்ணி இப்படித்தான்ப்பா இருக்கும்," என்றான் மகன்.

வருஷத்துக்கு ஒரு சிட்டிகையாகக் கிணற்றில் உப்பு ஏறியிருக்கிறது. நாக்கும் கூடவே பழகியிருக்கிறது. பொய் சொல்லியிருந்தாலாவது தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளலாம். அவர் சத்தியமாக நம்பியல்லவா சொன்னார்! பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

குழந்தை தங்கவில்லை. அவள் மூன்றாம் நாள்தான் கண் விழித்தாள். மகன் மருந்து வாங்கப் போயிருந்தான்.

"மாமா... தண்ணி."

டம்ளரை எடுத்தவர், பழக்கதோஷத்தில், முதலில் தன் வாய்க்குக் கொண்டுபோனார்.

அவள் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.