மைனஸ் இரண்டில் கொதித்த கார்

2008-ம் வருடம், ஜனவரி மாதம். சவூதியில் ரியாத்திலிருந்து தாயிஃப் போகிற நெடுஞ்சாலையில் நடந்தது இது. நாங்கள் அப்போது ஷார்ஜாவில் முவைலா பக்கம் குடியிருந்தோம். துபாய் சத்வாவில் என் கணவருக்கு ஒரு சின்னக் கடை. தையல்காரர்களுக்கு வேண்டிய பட்டன், ஜிப், நூல் விற்பார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த எங்கள் மகளுக்கு அப்போது ஆறு மாதம். பிள்ளை பிறந்தால் மக்காவுக்குக் கொண்டுபோய் உம்ரா என்கிற புனிதப் பயணம் செய்கிறோம் என்று நான் நேர்ச்சை மாதிரி நிய்யத் வைத்திருந்தேன். அதை நிறைவேற்றத்தான் ஷார்ஜாவிலிருந்து காரிலேயே கிளம்பினோம்.

விமானத்தில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "சொந்தமா கார வச்சுக்கிட்டு எவனாச்சும் பிளேன்ல போவானா?" என்று சொல்லிவிட்டார் மச்சான். எங்கள் கீழக்கரைப் பக்கம் கணவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

அந்தக் கார் மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. வெளியே எத்தனை டிகிரி என்று காட்டுகிற ஒரு குட்டித் திரை அதில் உண்டு. அவருடைய கூட்டாளிகள் யார் காரிலும் அது கிடையாது. கோடைக்காலத்தில் மத்தியானம் கடையை அடைத்துவிட்டுக் காரில் ஏறியதும் எனக்கு போன் வரும். "புள்ள, இன்னைக்கு நாப்பத்தேழு." மறுநாள், "நாப்பத்தெட்டு புள்ள." என்னவோ இவர் பரீட்சை எழுதி வாங்கிய மார்க் மாதிரி அதில் ஒரு பெருமை. வெயில் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள முதுகில் ஓடுகிற வேர்வை போதாதா, அதற்கொரு மீட்டர் வேண்டுமா என்று நான் கடுப்படிப்பேன்.

இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரை வாங்கிய புதிதில் ஹீட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் ஒழுகியது. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு மெக்கானிக், தண்ணீர் ஹீட்டருக்கே போகாதபடி அந்தக் குழாயை வெட்டி வளைத்து மாட்டிவிட்டார். "இந்த ஊர்ல ஹீட்டர் எதுக்கு பாய்?" என்று அவர் சிரிக்க, "முட்ட வச்சு அடைகாக்கவா போறோம்?" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ரேடியேட்டரில் ஊற்றுவது வெறும் குழாய்த் தண்ணீர். அங்கே எத்தனையோ பேர் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் ஆனதில்லை.

அந்த ஜனவரி வளைகுடா முழுக்க நல்ல குளிர். ஷார்ஜாவிலேயே ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியவில்லை. ஆனாலும் பாலைவனத்தில் என்ன பெரிய குளிர் வந்துவிடும் என்ற தைரியத்தில் மகளுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா, ஒரு மெல்லிய போர்வை, இவ்வளவுதான் எடுத்து வைத்தேன்.

ரியாத்தைத் தாண்டியதும் பொழுது சாய்ந்தது. அப்போது 'டிங்' என்று ஒரு சத்தம். டிகிரி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பனிப்பூ மாதிரி ஒரு படம் மின்னியது. அந்தப் படத்தை நாங்கள் ஏசி பட்டனில்தான் பார்த்திருக்கிறோம். "நீ ஏசியில கைய வச்சியா?" என்று என்னை முறைத்தார். இந்தக் குளிரில் எந்தப் பைத்தியம் ஏசி போடும்? அவரே பட்டனை அழுத்தினார், அணைத்தார், மறுபடி அழுத்தினார். படம் போகவில்லை. ஏசியில் ஏதோ கோளாறு, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். சாலை உறையப் போகிறது, கவனமாகப் போ என்று அந்தக் கார் எங்களிடம் கத்திக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அன்றிரவு ஒரு பெட்ரோல் பங்க்கை ஒட்டிய விடுதியில் தங்கினோம். காலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கார்க் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. துடைத்தால் போகவில்லை. ஐஸ்! மச்சான் பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்துச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் திரையில் மைனஸ் இரண்டு. அவர் முகத்தைப் பார்க்கணுமே. "மைனசு புள்ள, மைனசு! சத்வாவுல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்று செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறார். பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது, இவர் போட்டோ எடுக்கிறார். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கிளம்பினோம். காருக்குள் வெளியே இருந்த அதே குளிர். ஹீட்டரைத் திருகினால் சில்லென்று காற்று வந்தது. முகத்தைக் காட்டமுடியாமல் அதையும் அணைத்தோம். வேகமாகப் போனால் சீக்கிரம் தாயிஃப் போய்விடலாம் என்று அவர் மிதித்தார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். "இது என்னா கூத்து?" என்றார். எட்டிப் பார்த்தேன். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பில் நின்றது. வெளியே மைனஸ் இரண்டு, உள்ளே இன்ஜின் கொதிக்கிறது. கோடையில் நாற்பத்தெட்டில் ஒருநாளும் கொதிக்காத கார்! சாலையோரம் நிறுத்தினோம்.

இரண்டு பக்கமும் வெட்டவெளி. ஒரு மரம், ஒரு வீடு கிடையாது. போனில் சிக்னல் இல்லை. மச்சான் பானட்டைத் தூக்கினார், ஆவி அடித்தது. தண்ணீர் ஊற்றலாம் என்று டிக்கியிலிருந்து கேனை எடுத்து வந்து, அந்தக் கொதிக்கிற ரேடியேட்டர் மூடியிலேயே கையை வைக்கப் போனார். "ஆவி மூஞ்சில அடிக்கும், முதல்ல கேனத் திறங்க" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். கேனைத் திறந்து கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. குலுக்கினார். உள்ளே தொம் தொம் என்று கட்டி இடித்தது.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்து விரிசல் விட்டு எத்தனை பாட்டிலைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். "மச்சான், ரேடியேட்டர்லயும் இந்தத் தண்ணிதானே ஊத்துனீங்க? அதுவும் உள்ள கட்டியாத்தானே கிடக்கும்? தண்ணி ஓடாம இன்ஜின் எப்படிக் குளிரும்?" அவர் கேனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உருகும்வரை காத்திருக்கலாம். ஆனால் அந்த பாட்டில் மாதிரி ரேடியேட்டரும் வெடித்திருந்தால்?

கார் எக்கேடு கெட்டுப் போகட்டும். என் பயம் வேறு. அதுவரை அழுதுகொண்டிருந்த மகள் அழுகையை நிறுத்தியிருந்தாள். குல்லாவை விலக்கிப் பார்த்தேன். உதடு ஒரு மாதிரி நீலம் பூத்திருந்தது. விரல்கள் ஜில்லிட்டிருந்தன. பால் கொடுத்தால் வாய் வைக்கவில்லை, கண் சொருகுகிறது. "மச்சான், புள்ள அழல" என்றேன்.

மச்சான் பெட்டியைத் திறந்து தன் இஹ்ராம் துணியை எடுத்தார். உம்ராவில் ஆண்கள் உடுத்துகிற தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகள். அவர் வாங்கியது துண்டு மாதிரி நல்ல கெட்டியானது. பிரித்துக்கூடப் பார்க்காமல் புதிதாக வைத்திருந்தார். இரண்டையும் பிள்ளைக்குச் சுற்றினோம். பிறகு மச்சான் சாலை நடுவுக்கே போய் இரண்டு கையையும் ஆட்டினார். ஒரு கார் நிற்காமல் போனது. இன்னொன்றும் போனது. 'யா அல்லாஹ், கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தானா இவ்வளவு தூரம் கூப்பிட்டாய்?' என்று நான் அழுதேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டேன்.

மூன்றாவதாக ஒரு பெரிய டிரெய்லர் வந்தது. எங்களைத் தாண்டிப் போய் வேகம் குறைந்து நின்றது. அதிலிருந்து பாகிஸ்தான் பக்கத்துப் பட்டாணிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், மருதாணி போட்ட தாடி. மச்சான் தனக்குத் தெரிந்த இந்தியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வந்தவர் பானட் பக்கமே போகவில்லை. நேராகக் கண்ணாடி வழியே பிள்ளையைப் பார்த்தார். உடனே தன் வண்டியைக் கைகாட்டினார். "ஹீட்டர் ஹை. பஹன், ஜல்தி, அந்தர் பைட்டோ."

வண்டியில் ஹீட்டர் இருக்கிறது, தங்கச்சி, சீக்கிரம் உள்ளே போய் உட்கார் என்கிறார். அன்னிய ஆண் ஓட்டும் லாரியில், அதுவும் சவூதி ரோட்டில், நான் எப்படி ஏறி உட்காருவேன்? போலீஸ் பார்த்தால் என்ன ஆகும்? என் தயக்கம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் ஏறுகிற பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தார். அப்புறம் அங்கிருந்து விலகி எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து, தன் லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மச்சான் என்னையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அந்தச் சூடு! அடுப்படியில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக் கையையும் காலையும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தெரிந்த சூராவெல்லாம் ஓதினேன். பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஓதினேன். எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. முதலில் ஒரு தும்மல். பிறகு முகத்தைச் சுருக்கினாள். பிறகு வாயைப் பிளந்து அழுதாள் பாருங்கள், லாரியே அதிர்ந்தது. அவள் அழுது நான் அப்படிச் சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கண்ணாடியை இறக்கி, "மச்சான், அழுவுறா, அழுவுறா" என்று கத்தினேன். மச்சான் அங்கேயே ரோட்டோரம் குந்தி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அதன் பிறகுதான் வெளியே நன்றாகப் பார்த்தேன். அந்தப் பட்டாணிக்காரர் தன் கம்பளிப் போர்வையில் பாதியை மச்சானுக்குப் போர்த்தியிருந்தார். அவர் தோளுக்குத்தான் மச்சான் வருவார். ஒரே போர்வைக்குள் இரண்டு பேரும் ஒட்டி நின்றுகொண்டு நடுங்கினார்கள். சூடான தன் வண்டியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறும்வரை அந்த மனிதர் அந்தக் காற்றிலேயே நின்றார். ஒரு தடவைகூட லாரி பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் ஏறி பானட்டுக்குள் விழுந்தது. இரண்டு பேரும் குனிந்து காருக்கு அடியில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விரிசல் விட்டிருந்தால், உருக உருகத் தண்ணீர் சொட்டும். நானும் மேலேயிருந்து அதையே பார்த்தேன். தரை காய்ந்தே கிடந்தது. பிறகு மச்சான் வண்டியைக் கிளப்பினார். முள் நடுவில் வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னது லாரிக்குள் எனக்குக் கேட்டது.

வெயிலில் கார் சூடேறியிருந்ததால் பிள்ளையோடு நான் அதற்கு மாறினேன். அடுத்த பெட்ரோல் பங்க் வரை அந்தப் பட்டாணிக்காரர் எங்கள் பின்னாலேயே மெதுவாக வந்தார். அங்கே பச்சை நிறத்தில் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்ட் கிடைத்தது. பழைய தண்ணீரை இறக்கிவிட்டு அதை ஊற்றினார்கள். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த தொதல் டப்பாவை மச்சானிடம் கொடுத்தனுப்பினேன். எங்கள் ஊர் அல்வா என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் அது கல்லாகிக் கிடந்தது. அந்த மனிதர் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, பல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாடையில் கை வைத்தபடியே லாரியில் ஏறிப் போய்விட்டார். பேரைக் கேட்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

தாயிஃப் பக்கம் இஹ்ராம் கட்டுகிற இடத்தில் துணியைப் பிரித்தால், மகள் கக்கிய பால் கறை. அலசித் தருகிறேன் என்றேன். "இருக்கட்டும் புள்ள" என்று கறை பட்ட இடத்தை மட்டும் நனைத்துத் துடைத்து அப்படியே கட்டிக்கொண்டார். மக்காவில் கஃபாவைத் தவாஃப் சுற்றும்போது அந்தப் பட்டாணிக்காரருக்குத்தான் இறைவனிடம் முதல் துஆ கேட்டேன். எங்களுக்குக் கேட்டது அதற்கப்புறம்தான்.

ஊர் திரும்பிய வாரமே ஹீட்டர் குழாயை மாட்டச் சொல்லி அதே மெக்கானிக்கிடம் போனோம். எதுக்கு பாய் என்று மறுபடி சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அந்தக் காரை விற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மகள் இப்போது காலேஜுக்குப் போகிறாள். பானட்டைத் திறந்துவைத்து யாராவது ரோட்டோரம் நின்றால், எவ்வளவு அவசரமானாலும் மச்சான் வண்டியை ஓரம் கட்டாமல் போனதில்லை. எனக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தக் காரில் ஏறினாலும் முதலில் அந்த டிகிரி எண்ணைத்தான் பார்ப்பேன். மைனஸ் இரண்டு என்று அன்று திரைதான் காட்டியது. ஆனால் அது எவ்வளவு குளிர் என்று எனக்குத் தெரிந்தது, தன் லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தக் குளிரில் நின்ற அந்த மனிதரைப் பார்த்தபோதுதான்.