பக்கத்துக் கூடாரமும் என் கண்ணும்

பத்து காவான் என்ற ஊரில் குத்தகை நிலத்தில் காய்கறி போடுகிறேன். வீடு மட்டும் கடற்பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜார்ஜ்டவுனில். மழை தொடங்கிவிட்டால் பாலம் தாண்டிப் போவதே வீண் என்று தோன்றும். பாத்தியில் தண்ணீர் நிற்கும், பாகற்கொடியின் பூவெல்லாம் உதிர்ந்து சேற்றில் கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் புரட்டாசி வரும். ஊரில் பாதிப் பேர் சைவத்துக்கு மாறிவிடுவார்கள்; காய்க்குத் தட்டுப்பாடு. டவுனில் ஒரு கோயிலில் புரட்டாசி சனிக்கிழமைகளில் இலை போட்டுச் சாப்பாடு. அதற்குப் பாகற்காய் வருஷா வருஷம் என் தோட்டத்திலிருந்துதான். மழைக்குத் தப்பியதைப் பொறுக்கிக்கொண்டு போய் இறக்குவேன். சமையற்கட்டைக் கவனிக்கும் பெண்மணி எல்லார் காதிலும் விழும்படி, "அண்ணன் காய் வந்துருச்சு லா" என்பார். அதைக் கேட்கத்தான் மழையில் நனைந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

போன வருஷம் பக்கத்து நிலத்துக்கு ஒரு தம்பி வந்தான். மாக் மண்டின் என்ற இடத்தில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டவன். வந்ததும் இரும்புக் குழாயை வளைத்து, மேலே பிளாஸ்டிக், பக்கவாட்டில் பூச்சி வலை என்று நீளமாக ஒரு கூடாரம் போட்டான். மழைக்காலத்திலும் காய் எடுப்பானாம். உள்ளே என்ன போட்டான் தெரியுமா? பாகற்காய்! எனக்கு வயிறு எரிந்தது. என் கொடி மழையில் அடி வாங்கும்போது அவன் கொடி நனையாமல் சொகுசாகப் படர்ந்தது. காற்றடித்துக் கூடாரத்தின் ஒரு மூலை கிழிந்த அன்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். மறுநாளே ஒட்டிவிட்டான்.

ஒரு நாள் போய்ப் பார்த்தால், கூடார வாசலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு திருஷ்டி பொம்மை. அதன் முழி நேராக என் நிலத்தைப் பார்த்தது.

"யாருக்குத் தம்பி இது?"

"பொதுவா கட்டினது அண்ணே. கொடி நல்லாதான் இருக்கு. பூக்குது, ஆனா காய் பிடிக்கல. பிஞ்சு மஞ்சளாகி விழுந்துடுது. யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு வீட்டுல சொல்றாங்க."

யாரோவாம்! அந்த வட்டாரத்தில் அவனை விட்டால் நான்தான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வீடு திரும்பும்போது, என் கண்ணுக்கு அவ்வளவு சக்தியா என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. என் கொடியில் தப்பிய நாலைந்து பூக்களில் தேனீ மொய்த்தது. பக்கத்தில் அவன் வலைக்கு வெளியே இரண்டு தேனீக்கள் முட்டி முட்டித் திரும்பின. எனக்குப் புரிந்துவிட்டது. பூச்சியைத் தடுக்கக் கட்டிய வலை தேனீயையும் தடுத்துவிட்டது. சொல்லாமல் இருந்தால் புரட்டாசிக்கு என் காய்தான் போகும். ஆனால் கண்ணு வைத்தவன் என்ற பெயரும் எனக்குத்தான் வரும். அந்தப் பெயரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கூடாரத்துக்குள் போனேன். ஓர் ஆண் பூவைக் கிள்ளி, பிஞ்சோடு நின்ற பெண் பூவில் தொட்டுத் தடவினேன்.

"கண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல. உள்ள தேனீ வரல. தினமும் காலையில நீயே இப்படித் தொட்டு விடு."

அவன் செய்தான். புரட்டாசி பிறக்கும்போது என் பாத்தி மூழ்கிக் கிடந்தது. கோயிலிலிருந்து போன் வந்தது. "அண்ணே, பக்கத்துத் தம்பிக்கு நல்லா காய்ச்சிருக்காமே. நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களாம். இந்த வருஷம் நீங்க மழையில கஷ்டப்பட வேணாம் லா, அவர்கிட்டயே வாங்கிக்கிறோம்."

முதல் சனிக்கிழமை இலையில் உட்கார்ந்தேன். பாகற்காய் வறுவல் மொறுமொறுவென்று இருந்தது. எரிச்சலோடு இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை நிலத்துக்குப் போனால் பொம்மையைக் காணோம். அவனிடம் கேட்டேன்.

"கழட்டிட்டேன் அண்ணே. நீங்க பக்கத்துல இருக்கீங்க, எனக்கு எதுக்கு அது?"

மனசாரத்தான் சொன்னான். அவன் தலைக்கு மேல் பந்தல் முழுக்கக் காய் தொங்கியது. அங்கேயே நின்று, கண்கொட்டாமல், வயிறெரியப் பார்த்தேன். ஒரு பிஞ்சுகூட விழவில்லை.