என்னை நானே கூட்டிக்கொண்டு போன நாள்

பியூன் அண்ணை ஒரு கடுதாசியை மேசையில் வைக்கும் விதத்திலேயே அதற்குள் என்ன இருக்கிறதென்று சொல்லிவிடலாம். சாதாரணக் கோவை என்றால் நடந்தபடியே தொப்பென்று போட்டுவிட்டுப் போவார். மெமோ என்றால் நின்று, இரண்டு கையாலும் பிடித்து, நோயாளிக்குக் கஞ்சி வைப்பதுபோல வைப்பார். வைத்துவிட்டு உடனே போகவும் மாட்டார். அன்று காலை என் மேசைக்கு முன்னால் அவர் அப்படித்தான் நின்றார். கடுதாசியைத் திறக்கமுன்னரே அது மெமோ என்று தெரிந்துவிட்டது.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் கடைசி அது. யாழ்ப்பாணத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் நான் கிளாக்கராகச் சேர்ந்து சில மாதங்கள்தான். உத்தியோகம் இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான் கரவெட்டியில் பேசிவைத்த கலியாணம் நடக்கும் என்று பெண் வீட்டார் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். பெண்ணையோ நான் கண்டதே இல்லை. அந்த அந்தரம் தாங்காமல் முதல்நாள் லீவும் கேட்காமல், உரும்பிராயிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு கரவெட்டிக் கோயில் தேருக்குப் போய்விட்டேன். தேர் எந்தப் பக்கம் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கடமையிலிருந்து என்னை நான் அகற்றிக்கொண்டதற்கு நான்கு மணிக்கு முன் எழுத்தில் காரணம் காட்டவேண்டும் என்று மெமோ சொன்னது. இங்கிலீசில் கேட்டால் இங்கிலீசில்தான் பதில். என் பயத்தின் அரைவாசி அங்கேதான் இருந்தது.

தமிழில் 'நான் வரவில்லை' என்றால் விஷயம் முடிந்தது. இங்கிலீசில் அப்படி லேசில் முடியாது. 'அப்சென்ட்' என்று எழுதினால் பின்னால் ஒரு 'மைசெல்ஃப்' வந்து நிற்கவேண்டும். என்னை நானே கையில் பிடித்து, கந்தோர் வாசலைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனதாக அர்த்தம். களவெடுத்தவனும் நான், களவுபோன சாமானும் நான். சரி, அதோடு விட்டார்களா? 'மைசெல்ஃப்'புக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல் வேண்டும். லீவை அனுபவிக்கும் 'அவெயில்' என்றால் 'ஆஃப்'. ஒன்றை நினைத்துப் பெருமைப்படும் 'பிரைட்' என்றால் 'ஆன்'. கந்தோருக்கு வராமல் விட்டால்? பள்ளிக்கூடத்தில் இவற்றையெல்லாம் ஒரு பட்டியலாகப் பாடமாக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தவன் நான். பயம் வந்ததும் பட்டியல் முழுவதும் ஒரே நேரத்தில் வாய்க்கு ஓடிவந்து, தேர்க் கூட்டம்போல இடிபட்டுக்கொண்டு நின்றது.

பக்கத்து மேசைக்காரரிடம் மெல்லக் கேட்டேன். அவர் 'ஆஃப்' என்றார். சந்தேகம் தீராமல் அவருக்கு அடுத்தவரிடம் கேட்டேன். அவர் 'இன்' என்று அடித்துச் சொன்னார். மூன்றாமவர் முதலில், "ஏன் காணும், நேற்று எங்கை போனனீர்?" என்று கேட்டார். ஒரு சின்னச் சொல்லைத் தேடிப்போய், என் குற்றத்தை மேசை மேசையாக நானே அறிவித்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்குக் கந்தோர் முழுவதும் என் கதிரையைச் சுற்றி நின்றது. ஒருவர் அகராதியோடு வந்தார். ஒருவர் தன் மாமனார் மலாயாவிலிருந்து எழுதிய கடிதத்தை ஆதாரமாகச் சொன்னார். அவர்கள் தேடிய 'ஃப்ரம்' என்ற சொல் அந்த மெமோவிலேயே தட்டெழுத்தில் அச்சொட்டாக இருந்தது. அதன்மேல் மைக்கூட்டைத் தூக்கி வைத்திருந்தவன் நான்தான்.

அந்த நேரத்தில்தான் பியூன் அண்ணை கூட்டத்துக்குள் தலையை நுழைத்து என் காதில் சொன்னார்:

"ஐயா, வெளியிலை வாங்கிலை ஒராள் இருக்கிறார். கரவெட்டி. பொம்பிளையின்ரை தாய்மாமனாம். உங்களைப் பற்றித்தான் விசாரிக்கிறார்."

யன்னலால் பார்த்தேன். வாங்குப் பலகையின் நுனியில் சால்வையும் குடையுமாக ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைப்பற்றி விசாரிக்க வருபவர்கள் கந்தோருக்கே வந்துவிடுவார்கள். வாய்திறந்து அதிகம் கேட்கமாட்டார்கள். இருந்து பார்ப்பார்கள். உத்தியோகமும் போய், பெண்ணும் போய், அதைப் பெண்ணின் தாய்மாமன் முன்வரிசையில் இருந்து பார்க்கவும் போகிறார்!

"என்னவெண்டு சொன்னனீங்கள்?" என்றேன்.

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் எழுதுங்கோ. வேர்வை கடுதாசியிலை விழுகுது."

எழுதினேன். காய்ச்சல் என்று எழுதினேன். பெரிய கிளாக்கர் எழும்பி வந்து, கடுதாசியைக் கை நீட்டித் தூரப் பிடித்து வாசித்தார்.

"என்ன காணும் இது? காய்ச்சல் உம்மட்டை வந்ததோ, நீர் காய்ச்சலிட்டைப் போனீரோ?"

காய்ச்சலுக்கு என்னை நானே ஒப்புக்கொடுத்ததாக எழுதியிருந்தேன். இரண்டாம் கடுதாசியில் என்னை நானே வருந்தினேன். மூன்றாவதில் என்னை நானே பெருமைப்படுத்தினேன் என்று நினைக்கிறேன். நாலாவதை அவர் முழுதாக வாசிக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு இருந்தார்.

"இப்ப தமிழிலை சொல்லும். எங்கை போனனீர்?"

"கரவெட்டிக்கு."

"என்னத்துக்கு?"

"பேசின பொம்பிளையைப் பாக்க."

"பாத்தனீரோ?"

"முதுகைத்தான் ஐயா. சனம்."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் மேசையே ஆடியது. பெரிய கிளாக்கர் மட்டும் சிரிக்கவில்லை. "அதை அப்பிடியே எழுதும்," என்றார். கட்டப்போகிற பெண்ணைப் பார்க்கப் போனேன், கேட்காமல் போனது பிழை, மன்னிக்கவும் என்று இங்கிலீசில் மூன்று சின்ன வசனம் எழுதினேன். அதில் ஒரு 'மைசெல்ஃப்'பும் இல்லை. மெமோ அனுப்பிய வெள்ளைக்காரத் துரை அதை வாசித்துவிட்டு, ஒரு நாளை லீவில் கழிக்கும்படியும், அடுத்தமுறை முகத்தையும் பார்த்துவிட்டு வரும்படியும் கீழே எழுதி அனுப்பினார். பெரிய கிளாக்கர் முதுகையும் வசனத்தில் சேர்க்கச் செய்திருந்தார்.

உத்தியோகம் தப்பியது. ஆனால் வாங்கு வெறுமையாக இருந்தது. தாய்மாமன் எப்போதோ எழும்பிப் போயிருந்தார்.

"போயிட்டார் அண்ணை. எல்லாம் முடிஞ்சுது," என்றேன்.

"என்ன முடிஞ்சுது? அவர் சந்தோசமாய்ப் போறார்."

"என்னத்தைச் சொன்னனீங்கள்?"

"அவர் கேட்டார், உந்தத் தம்பியைச் சுத்தி ஏன் இவ்வளவு பேர் நிக்கினமெண்டு. இங்கிலீசிலை ஒரு சொல் தட்டுப்படேல்லை, அதுதான் எல்லாரும் நிக்கினமெண்டன். பிறகு பெரிய கிளாக்கர் எழும்பி வந்தாரெல்லே, அவர் என்ன செய்யிறாரெண்டார். பக்கத்திலை இருந்து உவரிட்டைக் கேக்கிறாரெண்டன்."

"அண்ணை!"

"கேட்டவர்தானே? நான் பொய் சொல்லமாட்டன் ஐயா."

கலியாணம் நடந்தது. முகத்தையும் பார்த்தேன், துரையின் கட்டளையை மீறவில்லை. ஆனால் தாலி கட்டிய கை காயமுன்னர் அந்தத் தாய்மாமன் உடைந்த மதகு ஒன்றைப்பற்றிய மனுவோடு வந்து நின்றார். "பெரிய கிளாக்கருக்கே சொல்லிக் குடுக்கிற பிள்ளை," என்று பந்தலுக்குக் கேட்கச் சொன்னார். அன்று தொடங்கிய வரிசை இன்னும் முடியவில்லை. மதகு, மாட்டு வழக்கு, பென்சன், யுத்தம் வந்தபிறகு அரிசிக் கூப்பன். கரவெட்டியில் எவருக்கு இங்கிலீசில் ஒரு வரி வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள். நானும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அகராதிக்கு முன்னால் என்னை நானே நொந்துகொள்கிறேன். அதற்கு என்ன சின்னச் சொல் வருமென்று இன்றுவரை தெரியாது. இந்தப் பூமியில் என் வண்டவாளம் தெரிந்தவர் பியூன் அண்ணை ஒருவர்தான் என்பது ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. அவர் ஓய்வுபெற்று மானிப்பாயில் இருக்கிறார்; அவரிடம் நான் நடிக்கத் தேவையில்லை.

போன கிழமை அவரே வந்தார். கதிரையில் இருந்து, மடியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து மேசையில் வைத்தார். அவருடைய பென்சன் நின்று மூன்று மாதமாம். கொழும்புக்கு எழுதவேண்டுமாம்.

"அண்ணை, என்ரை இங்கிலீசு உங்களுக்குத் தெரியுமே," என்றேன். "வேறை ஆரிட்டையும் குடுங்கோ. இது உங்கடை சோறு."

"கரவெட்டியிலை விசாரிச்சுப்போட்டுத்தான் வாறன்," என்றார். "எல்லாரும் உங்களைத்தான் சொல்லினம், இங்கிலீசிலை பெரிய விண்ணனெண்டு. நான்தான் ஐயா, அண்டைக்கு அந்தத் தாய்மாமனுக்குச் சும்மா கதை விட்டதெண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

முகத்தைப் பார்த்தேன். பகிடியின் சாயல்கூட இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, நான் எழுதி முடிக்கும்வரை இருக்கிற எண்ணத்தோடு சாய்ந்து இருந்தார். கேட்பதற்குப் பக்கத்து மேசையும் இல்லை. நான் பேனாவைத் திறந்தேன்.