புழுவின் வலது பல்

அக்கா புருஷன், அதாவது என் அத்தான், பகலில் பல் டாக்டரிடம் பல் செட் செய்து கொடுப்பவர். சாயங்காலமானால் புழுப்பல். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலில் நெளிந்த புழுக்கள் மக்கிப்போய்விட்டன. அவற்றின் பல் மட்டும் சுண்ணாம்புக் கல்லுக்குள் மிச்சம் இருக்கிறது. அதைத் தேடிப் பொறுக்குவதுதான் அவர் பிழைப்புக்கு மேற்பட்ட பிழைப்பு. தன் பல்லை மட்டும் யாரிடமும் சிரித்துக் காட்டமாட்டார்.

கல்லை வினிகர் வாளியில் ஊறப்போடுவார். கரைந்த சேற்றைச் சல்லடையில் அலசி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ரவையில் பாதிகூட இல்லாத கறுப்புப் பற்களை ஈரப் பிரஷ் நுனியால் ஒற்றி எடுப்பார். மயிர் பிரிந்தால் நாக்கில் வைத்துக் கூராக்கிக்கொள்வார். பக்கத்தில் நின்று விளக்குப் பிடிப்பது அக்கா வேலை. ஒருநாள் தும்மிவிட்டாள். தட்டிலிருந்த பல்லெல்லாம் பறந்தது. விட்டார் ஓர் அறை.

"இனிமே இந்த ரூம்ல நீ வாயே திறக்கக் கூடாது. என்ன ஆனாலும் சரி."

கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மட்டும், "விடுடி" என்றாள். அன்றிலிருந்து வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் விளக்குப் பிடித்தாள்.

அவருக்கு ஒரு விசித்திரமான பல் கிடைத்திருந்தது. மியூசியத்து அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இது இடது பல்லுங்க. இதோட ஜோடி, வலது பல்லும் கிடைச்சா புது இனம்னு அறிவிச்சிடலாம். உங்க பேரையே வைப்போம்" என்றார். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. வருஷக்கணக்காக, அது கிடைத்த அதே பாறைக் கல்லை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கரைத்தார். பிள்ளை இல்லாத மனுஷன். தன் பேர் ஒரு புழுவின் தலையிலாவது நிற்கட்டும் என்று நினைத்தார் போல.

கடைசியில் கிடைத்தே விட்டது. அதை ஒற்றி எடுத்து, கண்ணாடித் துண்டில் தட்டினார். விழுந்துவிட்டது என்று நினைத்து, பிரஷை நாக்குக்குக் கொண்டுபோனார். மயிரில் கறுப்புப் புள்ளி ஒட்டியிருந்ததை அக்கா பார்த்தாள். பேசாமல் நின்றாள். அவர் பிரஷை நக்கி, எச்சிலை விழுங்கிவிட்டு, லென்ஸில் குனிந்தார். வெறும் கண்ணாடி.

தரையில் தவழ்ந்தார். பாயை உதறினார். அக்காவும் கூடவே துடைப்பத்தோடு தேடினாள். மியூசியத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லைங்க, வயசாயிடுச்சுல்ல, கண் ஏமாத்தும்" என்று முதுகைத் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அத்தான் குழந்தை மாதிரி அழுதாராம். அதற்கப்புறம் வீட்டுத் தூசியைக் கூட்டி அதையும் சலிக்க ஆரம்பித்தார். இன்றும் சலிக்கிறார்.

இதையெல்லாம் அக்காதான் சமையலறையில் எனக்குச் சொன்னாள்.

"பாவம்க்கா. விழுங்கிட்டீங்கன்னு இப்பவாவது சொல்லித் தொலையேன்."

"சொல்லிடலாம்னுதான் எனக்கும் வந்துச்சு. சொன்னா தேடுறதை விட்டுடுவாரேடி" என்றாள் அக்கா.