அவருக்கு வைத்த சோறு

முழங்காலுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் முதலில் உடம்பு இளைக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் ஒரு வேளைதான் சோறு தின்கிறேன் என்றேன். சிரித்தார். பொய் சொல்லிப் பிழைத்தவள் இல்லை நான். சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன். மருமகள்தான் என்னைப் பிடித்து, சாப்பாட்டுப் பழக்கத்தைத் திருத்தித் தரும் ஒரு பெண்பிள்ளையிடம் கூட்டிப்போனாள்.

தின்பதையெல்லாம் எழுதிவரச் சொன்னது அந்தப் பிள்ளை.

"எழுத்து எனக்குக் கொஞ்சந்தான். வாயால சொல்றேன்."

"சரிங்கம்மா. வீட்டுல சோறு எங்கெங்க இருக்கும்?"

"பானையில. என் தட்டுல. அப்புறம் அவரு தட்டுல."

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததிலிருந்து தினமும் மத்தியானம் அவர் படத்துக்கு முன்னால் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைக்கிறேன். மற்றவர்கள் அமாவாசைக்கு வைப்பார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. கருவாட்டை நான் வாயில் வைத்ததே இல்லை. தட்டை வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே டிவி முன்னால் உட்காருவேன். நாடகம் முடியும்போது தட்டு காலியாக இருக்கும். என் கை கருவாடு மணக்கும். சமைத்த கைதானே என்று விட்டுவிடுவேன்.

"அதை யாரு சாப்பிடுறாங்கம்மா?"

"அவருதான்."

"ஐயோ அத்தை!" என்றாள் மருமகள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"நாளைக்கு டிவி போடாம, தட்டு முன்னாலேயே உட்கார்ந்து பாருங்க. எதையும் மாத்த வேணாம். பார்த்தா போதும்."

பயமாக இருந்தது. தின்பது நான்தான் என்றால், அவர் வருவதே இல்லை என்றாகிவிடும். கால் போனாலும் போகட்டும், அவர் வரவேண்டும்.

ஆனாலும் உட்கார்ந்தேன். வெளியே மழை இருட்டு. வீட்டில் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கை தட்டுக்குள் போனது. என் வளையல் போட்ட கைதான். ஆனால் அது பிசைந்த விதம் என்னுடையது இல்லை. கட்டைவிரலால் முள்ளை நசுக்கி எடுத்து, சோற்றைப் பெரிய உருண்டையாக உருட்டியது; அவர் உருட்டுவது போலவே. வாயில் வைத்தபோது கருவாடு ருசித்தது.

அதை அப்படியே அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்.

"அவருக்கு ஒரு பிடி போதுமாம்மா?" என்று கேட்டது.

"கேட்டுப் பாக்குறேன்."

இப்போது ஒரு பிடிதான் வைக்கிறேன். உடம்பு இளைத்துவருகிறது; டாக்டரும் நாள் குறித்துவிட்டார். அந்த ஒரு பிடி தீர்ந்த பிறகும் என் வலது கை மடியில் கிடந்து, வெறுமனே உருண்டை பிடித்துக்கொண்டே இருக்கிறது. நான் தடுப்பதில்லை.